பகடையைப் பார்த்ததும் சூதாட்டமா?

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பு குரூப்பில் நான் போட்ட படத்தின் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆறு பிள்ளைகள், பொம்மை நோட்டில் இடம் வாங்கி வாடகை வசூலிக்கும் மோனோபொலி ஆட்டத்தின் அட்டை ஒன்று, இரண்டு பகடை. அதற்குக் "குழந்தைகளுக்குச் சூதாட்டம் பழக்குகிறார்" என்று எங்கள் குடியிருப்புப் பெரியவர் ஒருவர் எழுத, பதினேழு பேர் லைக் போட்டிருக்கிறார்கள். ரொம்ப நன்றி.

சூதாட்டம் என்றால் காசு வைத்துக் காசு எடுப்பது. இங்கே யாரும் பத்துப் பைசா வைக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லா நோட்டும் பெட்டிக்குள் போய்விட்டது. கையில் இருப்பது தீர்ந்தால் தீர்ந்ததுதான். பிள்ளைகள் அன்று தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

மூன்றாம் மாடிப் பையனுக்கு எட்டு வயது. கால் வைத்த இடத்தையெல்லாம் வாங்கினான். நாலாவது சுற்றில் அவன் முன்னால் கலர் கலராகப் பத்திரங்கள், கையில் வெறும் இருபது. அடுத்த கட்டத்தில் வாடகை கேட்டார்கள். ஒரு பத்திரத்தைப் பாதி விலைக்கு அடகு வைத்தான். அப்புறம் மீட்க வந்தபோது, விதிப்படி, பத்து சதவீதம் கூடக் கேட்டேன். "என் இடத்துக்கு நான் ஏன் கூடக் குடுக்கணும்?" என்று முகம் சிவந்துவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் அவன் அக்கா, "அதாண்டா வட்டி" என்றாள். பள்ளிக்கூடத்தில் தனிவட்டி நடத்தும்போது அவனுக்கு மீசை அரும்பியிருக்கும்.

"இது பேராசையைத்தானே வளர்க்கும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. இதன் மூல ஆட்டத்துக்கு லிஸி மாகீ என்ற அமெரிக்கப் பெண் 1904-இல் காப்புரிமை வாங்கியதே, நிலமெல்லாம் ஒருவர் கையில் குவிந்தால் மற்றவர்கள் கதி என்ன என்று காட்டத்தான். 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதை மோனோபொலியாகக் கடைக்குக் கொண்டுவந்தபோது குவிப்பவர்தான் வெற்றியாளர். ஆனால் அம்மாச்சி வீட்டுப் பல்லாங்குழியிலும் காய் ஒரு பக்கம் குவியும், தோற்றவள் குழி காலியாகக் கிடக்கும். அதைப் படம் எடுத்துப் போட்டிருந்தால் "நம் பாரம்பரியம்" என்று இதே பதினேழு பேர் இதயம் போட்டிருப்பார்கள்.

"குழந்தையைக் குழந்தையாக இருக்க விடுங்கள்" என்பவர்களுக்கு: போனைக் கையில் கொடுத்துத்தானே விடுகிறீர்கள்? கேமில் டைமண்ட் வாங்க அப்பாவின் யுபிஐ பின் நம்பர் தெரிந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அதற்கு குரூப்பில் யாரும் பதறிப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் முன்னால் காசைப் பற்றிப் பேசமாட்டார்கள். அப்பா யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டார். அம்மா கையில் வளையல் இல்லாமல் போனது. கேட்டதற்கு, "பாலிஷ் போடக் குடுத்திருக்கு" என்றார்கள். எனக்குப் பதினோரு வயது, நம்பினேன். இரண்டு வருடம் பாலிஷ் போட்டார்கள். 24 வயதில் என் கைக்குக் கிரெடிட் கார்டு வந்தது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று ஏழு மாதம் நிம்மதியாக இருந்தேன். மாதம் மூன்றரை சதவீதம். அதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்றும் யாரும் சொல்லவில்லை.

பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. (இருக்கிறது, விடுங்கள்.) லைக் போட்டவர்களில் மூன்று பேரின் பிள்ளைகள் அந்தப் படத்திலேயே இருக்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை. சாயங்காலம் வந்து கூட்டிப்போகும்போது, "அடுத்த வாரமும் வெச்சுக்கோங்க" என்று சொன்னவர்கள்தான்.

இந்த ஞாயிறு பெட்டியைத் திறப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நேற்று லிஃப்டில் மூன்றாம் மாடிப் பையன் கேட்டான்: "ஆன்டி, என் பத்திரம் இன்னும் அடகுலதான இருக்கு?"