சுயாதீனம் என்பது இசையின் பாணியைக் குறித்ததல்ல

பிரிட்டனில் இசைப் பெருநிறுவனங்களைச் சாராத சுயாதீன நிறுவனங்களின் பாடல்களுக்கெனத் தனி விற்பனைப் பட்டியல் உண்டு. அதன் 1988ஆம் ஆண்டுப் பாடல்களைத் தொகுத்துள்ள ஒரு கட்டுரை, அவற்றுள் பாப் பாடகி கைலி மினோக்கின் பாடல்கள் இருப்பதைப் பொருந்தாத சேர்க்கையாகக் கருதுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. 1980 ஜனவரியில் அப்பட்டியல் தொடங்கியபோது, ஓர் இசைத்தட்டு பெருநிறுவனங்களின் விநியோக வலையைச் சாராமல் கடைகளுக்குச் சென்றதா என்பதே தகுதியாக இருந்தது. கிட்டார் இசையா, நடன இசையா என்று எவரும் கேட்கவில்லை. அவருடைய பாடல்களை வெளியிட்ட பிடபிள்யூஎல் அந்த வழியில் விற்றதால்தான், 1988இல் எல்லா நிறுவனங்களுக்குமான பொதுப் பட்டியலிலும் 5 வாரங்கள் முதலிடத்தில் நின்ற பாடலுக்கு இங்கும் இடம் கிடைத்தது. மான்செஸ்டரின் ஃபாக்டரி நிறுவனம் 1983இல் வெளியிட்ட, நியூ ஆர்டர் இசைக்குழுவின் ‘புளூ மண்டே’ பாடல்கூட நடன அரங்குக்கான மின்னணு இசைதானே! விநியோகத்தை விடுத்து நிறுவனத்தின் உரிமையாளர் யார் என்பதைப் பார்க்கும் விதி 2009இல்தான் வந்தது, அதைக் கொண்டு 1988ஐ அளப்பது முறையாகாது.