மூச்சு சீக்கிரம் திரும்பும், காலுக்கு நாளாகும்

குளிர் விட்டாச்சு, விடியலும் சீக்கிரமே வருகிறது. இரண்டு மூன்று மாதமாக மூலையில் கிடந்த ஷூவைத் தூசு தட்டி எடுத்து, மறுபடி ஓடக் கிளம்பும் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் வாரத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். நான்காவது வாரத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

முதல் வாரம் சிரமமாகத்தான் இருக்கும். பயிற்சியை நிறுத்திய இரண்டு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தமும் குறைகிறது. அதனால் பழைய வேகத்தில் போனாலே துடிப்பு எகிறும், மூச்சு வாங்கும், எல்லாம் போச்சு என்று மனசு விட்டுப்போகும். ஆனால் சீக்கிரம் போன இதுதான் சீக்கிரம் திரும்பியும் வரும். சில வாரம் ஒழுங்காக வெளியே போனாலே மூச்சு சீராகிவிடும்.

வினையே அங்கேதான். மூச்சு சரியானதும் வேகத்தைக் கூட்டச் சொல்லி மனசு அரிக்கும். கால் இன்னும் தயாராகியிருக்காது. கெண்டைத்தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணுக்குத் தசை அளவுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அது மெதுவாகத்தான் பழகும். எலும்பு இன்னும் மெது. புதுச் சுமை வந்தால் பழைய பகுதியை முதலில் கரைத்துவிட்டு, அப்புறம்தான் புதிதாகக் கட்டும். கரைக்கச் சில வாரம், கட்டி இறுக மாதக்கணக்கு. இடைப்பட்ட நாளில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கமுள்ள எலும்பு கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். அந்த நேரம் பார்த்து நாம் உற்சாகத்தில் தூரத்தைக் கூட்டிவிடுகிறோம்.

ஆகவே காலையில் என் காலைத்தான் முதலில் கேட்பேன். படுக்கையை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் விறைப்பாக இருக்கிறதா? தசைநாணை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளிப் பார்த்தால் சுரீர் என்கிறதா? அப்படியென்றால் அன்றைக்கு நடை மட்டும். தொடையும் கெண்டைக்காலும் பரவலாக வலித்தால் கவலை வேண்டாம், அந்த வலி 24 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். ஆனால் எலும்பின் மேல் விரல் வைத்து 'இங்கேதான்' என்று காட்ட முடிகிற வலி வேறு சங்கதி. அதோடு ஓடக் கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கிலோமீட்டர் கணக்கைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிட்டு நேரத்தைப் பாருங்கள். ஜோஷ் கிளார்க் 1996-இல் உருவாக்கிய 'கௌச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு) திட்டத்தின் முதல் வாரத்தில் 60 வினாடி மெல்லோட்டம், 90 வினாடி நடை, இப்படி மாறி மாறி 20 நிமிடம், வாரத்தில் மூன்று நாள். புதியவர்களுக்கென்று வந்த திட்டம்தான். ஆனாலும் முன்பு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியவர்களும் இங்கேயே தொடங்கலாம் என்பது என் கருத்து. நடுவில் நடப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டுதலில் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது எல்லோருக்கும் தெரியும். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டுங்கள் என்று அதிலேயே இருப்பதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி எழும்பி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். கருவி எதுவும் வேண்டாம், ஓட்டத்தில் அடி வாங்கும் இடத்துக்கே வலு சேரும்.

போன வருடம் இதே நாளில் எவ்வளவு வேகம் என்று நினைவூட்டும் ஆப்களின் மேல் எனக்குக் கோபமே உண்டு. அந்த அறிவிப்பை அணைத்து வையுங்கள். குழுவாக ஓடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இடைவெளி விட்டுத் திரும்பி வருபவரை 'வாங்க, உங்களால முடியும்' என்று உங்கள் வேகத்துக்கு இழுக்காதீர்கள். முதல் மாதம் யாராவது ஒருவர் அவரோடு பின்னால் நடந்து வாருங்கள்.