புளோவரை நிறுத்தச் சொல்லாதீர்கள்

போன ஞாயிறு எங்கள் தொடர்மாடிக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. கரண்ட் பில் தாங்க முடியவில்லை, பேஸ்மென்டில் இருக்கிற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் புளோவரை, அதாவது தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரத்தை, இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை நிறுத்தி வைக்கலாம் என்று. பலர் தலையாட்டினார்கள். எனக்கு அன்றிரவு நித்திரையே வரவில்லை.

நாங்கள் இருப்பது கொழும்பு மட்டக்குளியில். கொஞ்சம் நடந்தால் களனி கங்கை. மலையிலிருந்து 145 கிலோமீற்றர் ஓடி வந்து இந்தப் பக்கம்தான் கடலில் விழுகிறது. பக்கத்து ஊரின் முகத்துவாரம் என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. எங்கள் 64 வீடுகளின் சமையலறை, குளியலறை, கக்கூஸ் தண்ணீர் எல்லாம் கீழே போய், அங்கிருந்து வாய்க்கால் வழியாக அந்தக் கங்கைக்குத்தான் போகிறது. நடுவில் இருப்பது மூன்று தொட்டிகள். அவ்வளவுதான்.

அங்கே வேலை செய்கிற தம்பி மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளை. களனி உருவாகும் ஓயாக்களில் (சிற்றாறுகளில்) ஒன்று அவருடைய ஊரில் ஓடுகிறது. தினமும் காலையில் காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லீற்றர் அள்ளிக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைப்பார். முதலில் பால் தேத்தண்ணி நிறத்தில் கலங்கிக் கிடக்கும். அரை மணித்தியாலத்தில் மண்ணிறச் சேறு பஞ்சுபஞ்சாகத் திரண்டு கீழே இறங்கிவிடும். மேலே நிற்கிற தண்ணீருக்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரியும். ஒருநாள் வைத்துப் பார்த்தேன்.

அந்தச் சேற்றுக்கு உயிர் இருக்கிறது. நம் கழிவைத் தின்று வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அவை. அவை மூச்சுவிடுவது புளோவர் அனுப்பும் காற்றால். எட்டு மணித்தியாலம் நிறுத்தினால் சேறு கறுக்கும், அழுகின முட்டை மணம் கிளம்பும், அடியில் தங்க வேண்டியது மிதந்து வாய்க்காலுக்குப் போகும். செத்துப்போனால் திரும்ப வளர்த்தெடுக்க வாரக்கணக்காகும்.

கணக்கையும் பாருங்கள். நம் சூட்டில் நல்ல ஆற்றுத் தண்ணீர் ஒரு லீற்றரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் ஏறத்தாழ 8 மில்லிகிராம். வீட்டுக் கழிவுநீர் ஒரு லீற்றர் அழுகி முடிய 200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். அதாவது ஒரு போத்தல் கழிவுநீர் 25 போத்தல் ஆற்றுத் தண்ணீரின் மூச்சைக் குடித்துவிடும். மீன் எப்படிப் பிழைக்கும்? அதனால்தான் உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் தண்ணீர் ஒரு லீற்றரின் ஒட்சிசன் தேவை 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று நம் நாட்டுச் சட்டம் எல்லை போட்டிருக்கிறது. புளோவர் ஓடினால் நம்முடைய மூன்று தொட்டிகளும் அதைச் சாதிக்கும்.

கூட்டத்தில் ஒரு ஐயா கேட்டார், “குடிக்கிற தண்ணீரைக் கங்கையின் மேற்பக்கம் அம்பத்தலையில் எடுக்கிறார்கள், நாங்கள் அதற்குக் கீழே இருக்கிறோம், பிறகென்ன?” என்று. அம்பத்தலைக்கு மேலே இருக்கிற ஒருவர் “எங்களுக்குக் கீழே யார் குடித்தால் என்ன” என்று நினைத்தால், அது நம் வீட்டுக் குழாயில்தான் வரும். நமக்குக் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள் ஐயா. கழிமுகத்தில் வலை போடுகிறவர்களிடம் ஒருதரம் போய்க் கதைத்துப் பாருங்கள்.

சரி, பில் பெரிதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஒட்சிசன் மானி ஒன்று பூட்டி, தேவைக்கு ஏற்ப புளோவரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இரவில் கழிவு குறைவாக வரும்போது அதுவே மிச்சம் பிடித்துத் தரும். அப்புறம், பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றாதீர்கள். பழைய போத்தலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள். கக்கூஸில் அளவுக்கு மிஞ்சி அசிட் ஊற்றாதீர்கள், நம் துப்புரவைச் செய்கிற உயிர்களே அதில் சாகின்றன. கக்கூஸில் போடுகிற ஈரத் துடைப்பான்களைச் சல்லடையிலிருந்து கையால் பிடுங்கி எடுப்பது அந்தத் தம்பிதான்.

வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திரும்பக் கூட்டம். அன்று எடுக்கிற ஜாடியை மேலே கொண்டுவரச் சொல்லித் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். முடிவெடுக்க முன் எல்லோரும் அரை மணித்தியாலம் அதைப் பாருங்கள்.