நடுத்தடம் வீண்செலவு இல்லை

இருவழிச் சாலையின் நடுவே திருப்பத் தடம், அதாவது இரு திசை வண்டிகளும் இடது பக்கம் திரும்ப ஒதுங்கி நிற்கும் பொதுத்தடம், போடுவது காசைக் கரியாக்கும் வேலை என்கிறது உங்கள் கட்டுரை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பல வருடமாக வண்டி ஓட்டுகிறேன், ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடும், இடது பக்கம் திரும்ப எதிர்த்தடத்தைக் கடக்க வேண்டும். எங்கள் ஊர் எல்லையில் இடது பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். முன்பெல்லாம் அதற்குள் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு நடுரோட்டில் நிற்பேன். எதிர்வண்டிகள் ஓய்கிறவரை கண் முழுக்கப் பின்கண்ணாடியில்தான். மரம் ஏற்றிய லாரி வேகம் குறைக்கிறதா, இல்லையா? ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்திருக்கவும் பயம். பின்னால் இடித்தால் நேரே எதிர்த்தடத்தில் போய் விழுவோம். இப்போது நடுத்தடம் வந்துவிட்டது, அதன் மஞ்சள் கோடுகளுக்கு நடுவே ஒதுங்கி நின்றுகொள்கிறேன், லாரி பாட்டுக்குப் போகிறது.

இது என் ஒருவன் அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்க மத்திய நெடுஞ்சாலைத் துறை வட கரோலினா, இல்லினாய், கலிபோர்னியா, ஆர்கன்சா மாநிலச் சாலைகளில் தடம் போடுவதற்கு முன்னும் பின்னும் நடந்த விபத்துகளை ஒப்பிட்டது. கிராமப்புறத்தில் மொத்த விபத்து சுமார் 36 சதவீதமும், பின்னால் மோதுவது 47 சதவீதமும் குறைந்திருந்தன. நகரத்தில் பலன் கம்மிதான். கிராமத்துச் சாலையில் வேகம் அதிகம், நிற்கிற வண்டியை யாரும் எதிர்பார்ப்பதில்லை, அதனால் இருக்கலாம்.

எதிரெதிர் வண்டிகள் ஒரே தடத்தில் நுழைவதால் இதை 'தற்கொலைத் தடம்' என்று கிண்டல் செய்வது தெரியும். அதில் ஓவர்டேக் செய்கிற மகராசன்களை நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு அபராதம் போடுங்கள், தடத்தை ஏன் குறை சொல்கிறீர்கள்? வீடோ கடையோ இல்லாத வெட்டவெளியில் போட்டால் மட்டும் நீங்கள் சொல்வதுபோல வீண்தான்.