வயலினில் தொடங்கிய பியானோக்காரர்
அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரின் மெக்ஆர்தர் விருதையும் (2013) ஹார்வர்ட் பேராசிரியர் பதவியையும் அவரைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை விரிவாகச் சொல்கிறது, சரி. ஆனால் 3 வயதிலிருந்து 15 ஆண்டுகள் அவர் முறையாகப் படித்தது வயலின். பியானோ பெரும்பாலும் காதால் கேட்டு, தானே பழகியது. கட்டுரை அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம். மார்த்தாண்டம் பக்கம் எங்கள் சர்ச் கொயரில் நோட்டேஷன் (எழுதிய இசைக்குறிப்பு) தெரியாமலே கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு முதலில் தெரியவேண்டியது இதுதான்.

அப்புறம், 2011இல் வந்த ‘தீர்த்தா’ ஆல்பம். பிரசன்னாவின் கிட்டார், நிதின் மிட்டாவின் தபலா, கூடவே ஐயரின் பியானோ. கர்நாடக இசையை மேலாகத் தூவாமல், தாளக் கணக்கை ஜாஸுக்குள்ளேயே ஓடவிட்டிருக்கிறார்கள். ஐயர் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தவர் அல்லவா! டிரம்ஸ் வாசிக்கும் தம்பிகள் அதைக் கண்டிப்பாகக் கேளுங்கள்.