எது பிழை என்று தெரிந்தால் சொல்லுங்களேன்

எது பிழை என்று சொல்லாமலே பிழை காட்டிய ஓர் ஒன்லைன் படிவத்தின் ஸ்கிரீன்ஷொட்டை நேற்றுப் போட்டிருந்தேன். அதற்குக் கீழே, "கவனமா வாசிச்சு நிரப்பினா ஏன் அக்கா பிழை வரப்போகுது?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அதற்கு லைக் போட்டவர்களில் என்னோடு வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். சுட்டது அதுதான்.

நிரப்பியது என் அம்மா. முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக வாசித்து வாசித்து நிரப்பினார். சப்மிட் கொடுத்ததும் மேலே சிவப்பில் ஒரே வரி: 'இன்வலிட் இன்புட்', அதாவது நிரப்பியது செல்லாது. எந்தப் பெட்டி என்று இல்லை. நிரப்பியதும் முழுக்க அழிந்துவிட்டது. மூன்றாம் தரமும் அப்படியே ஆனபிறகுதான் என்னைக் கூப்பிட்டார். அடையாள அட்டை எண்ணின் கடைசியில் வரும் ஆங்கில 'வி'யைச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

இலங்கையில் பழைய அட்டைக்கு 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 இலிருந்து வருகிற புதியதற்கு 12 இலக்கம். இதைச் சரிபார்க்க யாரோ உட்கார்ந்து ஒரு விதி எழுதியிருக்கிறார். எது பொருந்தவில்லை என்று சிஸ்டத்துக்கு அந்த நொடியே தெரியும். தெரிந்ததை ஏன் சொல்லவில்லை? நான் கேட்பது இதை மட்டும்தான். சின்ன 'வி'யைப் பெரிதாக்க ஒரு வரிக் கோட் போதும், அதைக்கூட விடுவோம். சொல்லியாவது இருக்கலாமே!

"செக்கியூரிட்டிக்காகத்தான்" என்பீர்கள். லொகினில் யூசர்நேம் பிழையா பாஸ்வேர்ட் பிழையா என்று பிரித்துச் சொல்லாதது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'அடையாள அட்டை எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள்' என்பது எந்தக் கள்ளனுக்கு உதவும்?

"டைம் இல்லை" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். நானும் கியூஏதான், மென்பொருளில் பிழை தேடுவதுதான் என் வேலை. இதையே பக் என்று பதிந்து, 'மைனர்', சின்ன விஷயம் என்று மூடப்பட்டதைப் பார்த்தவள். பிழை எங்கே என்பதை எழுத்தில் சொல்லவேண்டும் என்பது இணையத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தக்கூடியதாக்க 2008 இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 என்ற வழிகாட்டியிலேயே ஆகக்குறைந்த 'ஏ' மட்டத்து விதி. மைனராம்!

பெயர்ப் பெட்டி இன்னும் மோசம். இனிஷியலுக்குப் புள்ளி வைத்தால் பிழை. கடைசிப் பெயர் கட்டாயம். எங்களில் எத்தனை பேருக்குக் கடைசிப் பெயர் இருக்கிறது? தமிழில் அடித்தால் 'எழுத்துகள் மட்டும்' என்கிறது. கணினி எழுத்துகளுக்கான யூனிகோட் தரத்தில் எங்கள் 'க்' இன் குற்றும் 'கெ' இன் கொம்பும் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. விதி எழுதியவர் அதை யோசிக்கவில்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் சட்டத்தில் எழுதியாயிற்று. என் பெயரை என் எழுத்தில் எழுத இன்னும் பிழை காட்டுகிறது. இதையும் கவனமாக வாசித்து நிரப்பவேண்டுமா தம்பி?

அம்மா இப்போது எந்தப் படிவத்தையும் தொடுவதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில், படிவம் நிரப்பித் தரும் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போகிறார். பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்க, அடையாள அட்டை எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்கிறார். அந்த எண்ணுக்குள்ளேயே அவர் பிறந்த வருஷமும் நாளும் இருக்கின்றன. நான் செய்து தாறன் என்றாலும் கேட்கிறாரில்லை. "உனக்கேன் கரைச்சல், எனக்குத்தானே விளங்குதில்லை" என்கிறார்.