அஞ்சு நிமிஷ வேலைதானே?

டி-ஷர்ட்டுக்கு டிசைன் வரையும் என்னிடம் இன்றைக்கும் ஒருவர் இதையே கேட்டுவிட்டார். கல்லூரி விழாவுக்கு 100 டி-ஷர்ட். லோகோ எங்கே என்றால் ஒரு மங்கலான ஸ்கிரீன்ஷாட், மேலே பேட்டரி அளவோடு! அதை 12 அங்குல அகலத்துக்கு அச்சடிக்க வேண்டுமாம். 300 டிபிஐக்கு, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால், 3600 பிக்சல் வேண்டும், வந்தது 400. மீதியை நான் எங்கே போய்த் தேடுவேன்? கோடு கோடாக மறுபடி வரைய வேண்டும். அப்புறம் ஏழு நிறம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், அதாவது மை இறங்கும் வலைச் சட்டம். கறுப்புத் துணி என்றால் அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு வேறு. எட்டு ஸ்கிரீன்! எல்லாம் முடிந்து திருப்பூரில் பிரிண்டிங் பட்டறை வாசலில் நிற்கும்போது போன்: "தம்பி, அந்த நீலத்தைக் கொஞ்சம் மாத்திடலாமா?" ராத்திரி இரண்டு மணிவரை கண் எரிய வரைந்தது யார்? டிசைனுக்குக் காசு என்றதும் "அதுக்குமா?" என்கிறார். அதுக்குத்தான் அண்ணா, முதலில் அதுக்குத்தான்!